குளிரறைக்கு ஒரு குட்டிக் கணினி

பிணவறை என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லக் கூடாது என்று முதலில் ஓர் உத்தரவு வந்தது. ‘அமைதிக் குளிரகம்’ என்று நீலப் பலகை மாட்டினார்கள். பெயரை மாற்றினால் நாற்றமும் மாறிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ, அது பாட்டுக்கு இருந்தது. அடுத்து நவீனமாக்கினார்கள். கதவில் நெடுங்காலம் ஒழுங்காக வேலை செய்த பூட்டைக் கழற்றி, கண்ணாடிப் பெட்டியில் போட்டு, கீழே ‘நமது கடந்த காலம்’ என்று எழுதி இயக்குநரின் அறையில் வைத்தார்கள். பூட்டு இருந்த இடத்தில் காந்தம் வந்தது. அந்தக் காந்தத்துக்குக் கட்டளை போட, உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்க, எந்தத் தட்டில் யார் படுத்திருக்கிறார் என்று சொல்ல ஒரு குட்டிக் கணினி வந்தது. சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவுதான் இருக்கும். திறப்பு விழாப் படத்தில் கணினி தெரியவில்லை. இயக்குநர் பிடித்திருந்த கத்தரிக்கோல் பளிச்சென்று தெரிந்தது.

இந்த வரலாறெல்லாம் வேன்காரருக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைப்பவர். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். நேற்று மாலை ஆஸ்பத்திரியில் இறந்துபோன அப்பா அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார். வெளியூரிலிருந்து அக்கா வந்து சேரும்வரை ஒரு ராத்திரி வைத்திருக்கச் சொல்லி, வாசலில் ஸ்ட்ரெச்சர்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். இப்போது விடிந்துவிட்டது. அக்காவும் வந்துவிட்டாள். வேனின் பின் சீட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாவை அழைத்துப்போக வந்திருந்தார்.

வீட்டில் அம்மா காத்திருந்தாள். இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடப்பவள். முந்தாநாள் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறக் கிளம்பியபோது அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். ஃபேனை வேகமாக வைப்பதா மெதுவாக வைப்பதா என்று இருவருக்கும் அன்று காலையில் சண்டை. “போயிட்டு வரேன்” என்றவருக்கு அவள் பதில் சொல்லவில்லை. போனவர் திரும்பி வரவும் இல்லை.

“முகத்தை ஒரு தடவை பார்த்துட்டாப் போதும்டா,” என்று மகன் கிளம்பும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேற ஒண்ணும் எனக்கு வேணாம்.”

குளிரகத்தின் முகப்பில் உட்கார்ந்திருந்த எழுத்தர், வேன்காரரை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

“சிஸ்டம் எந்திரிக்கலை. உக்காருங்க.”

“எங்க அப்பாவை எடுத்துட்டுப் போகணும் சார்.”

“உங்க அப்பா உள்ள இருக்காரா இல்லையான்னு சிஸ்டம்தான் சொல்லணும்.”

“நான்தானே சார் நேத்து கொண்டுவந்தேன்!”

“கொண்டுவந்தது உங்களுக்குத் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியணுமே.” எழுத்தர் இப்போது இரக்கத்தோடு நிமிர்ந்தார். “பயப்படாதீங்க. உள்ள இருந்தா, எங்கேயும் போயிட மாட்டாரு.”

வேன்காரர் உட்கார்ந்தார். ஆபீஸ்காரர்கள் உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுகிற சாதி அவர். நாம் எல்லோருமே அந்தச் சாதிதான், அதனால்தான் அவர்கள் இப்படி இருக்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் நிபுணர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் மடிக்கணினி, முகத்தில் ராத்திரி கூப்பிட்டனுப்பிய டாக்டரின் சலிப்பு. குட்டிக் கணினி சுவரில் ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. அதைத் திறந்து, குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஊழியர்கள் சுற்றி நின்றார்கள். இயக்குநரும் இறங்கி வந்துவிட்டார். எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

“எப்ப ஆச்சு?” என்று கேட்டார் இயக்குநர்.

“நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு சார்,” என்றார் எழுத்தர். “என்கூடப் பேசிக்கிட்டே இருந்துச்சு. காலையில வந்து பார்த்தா அசைவே இல்லை.”

“ச்சு, ச்சு. வயசும் ஒண்ணும் ஆகலையே.”

“சிவப்பு லைட் இருக்கு. பச்சை லைட் சிமிட்டலை,” என்றார் நிபுணர். “அதாவது கரண்டு வருது. உள்ள மெமரி கார்டுல இருக்கிறதைப் படிக்க முடியலை.”

ஓர் ஊழியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசியாகவும் இருக்கலாம். வேன்காரர் எழுந்து, “ஐயா, எங்க அப்பா...” என்று தொடங்கியதும் எல்லோரும் ஒரே மாதிரி திரும்பி முறைத்தார்கள். துக்கம் நடக்கிற இடத்தில் சத்தம் போடுகிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவரும் கூசிப்போய் உட்கார்ந்துவிட்டார்.

நிபுணர் ஒயரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது இதோட சார்ஜரே இல்லையே. ஏதோ பழைய போனோடது. இந்தக் கரண்டு இதுக்கு எப்படிப் பத்தும்? இதோட சொந்த சார்ஜர் எங்க?”

எழுத்தர் மேஜைக்குக் கீழே எட்டிப் பார்த்தார். அங்கே அவருடைய கைபேசி சுகமாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

“அது மாற்றுப்பணியில இருக்கு சார்.”

சார்ஜரைத் தாய்த்துறைக்குத் திருப்பியும் பச்சை லைட் சிமிட்டவில்லை. நிபுணர் கார்டைக் கழற்றி மடிக்கணினியில் செருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “ஒரு வாரமா இதுக்கு அப்டேட் ஓடிக்கிட்டிருக்கு. காலையில ஆரம்பிக்கும். பெரிய அப்டேட், ஒரு பகல்ல முடியாது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மெயினை அணைச்சிடறாங்க. மறுநாள் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்குது. எழுதிக்கிட்டிருக்கும்போது தினம் ஒருத்தன் கையைத் தட்டிவிட்டா எழுத்து என்ன ஆகும்? நேத்து மொத்தமாக் கெட்டுப்போச்சு.”

“ஏன் சார் அணைக்கிறாங்க?” என்று வேன்காரர் கேட்டுவிட்டார்.

இயக்குநருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. மார்பு நிமிர்ந்தது.

“மின்சிக்கனம்! ஆபீஸ் நேரம் முடிஞ்சதும் மெயின் ஸ்விட்ச் அணைச்சாகணும். போன வருஷம் சிக்கனத்துக்கு விருது வாங்கின ஒரே குளிரகம் நம்மதுதான். மத்தவங்கல்லாம் ராத்திரி முழுக்கக் கரண்டைக் கொட்டிக் குளிர வெச்சுக்கிட்டிருக்காங்க. யாருக்காக? உள்ள இருக்கிறவங்களுக்கு வேர்க்குதா?”

எல்லோரும் சிரித்தார்கள். இதைக் கேட்டு ஒரு மனிதனுக்குக் குமட்டுமா, சிரிப்பு வருமா என்று யாரும் யோசிக்கவில்லை. வேன்காரர் எழுந்து போய்க் குளிரறைக் கதவில் உள்ளங்கையை வைத்தார். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது.

“ஐயா, கதவு குளிரவே இல்லையே.”

“மேல பாருங்க,” என்றார் எழுத்தர். கதவுக்கு மேலே ஒரு சின்னத் திரையில் ‘2’ என்று எரிந்தது. “ரெண்டு டிகிரி. ஐஸ் மாதிரி இருக்கும்.”

“அது பேட்டரியில ஓடுறது,” என்று நிபுணர் முணுமுணுத்தார். “கணினி கடைசியா எப்பவோ சொன்ன நம்பரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.”

“நம்பர் நம்பர்தானே?” என்றார் இயக்குநர். “அவர் கையை நம்பச் சொல்றீங்களா, கருவியை நம்பச் சொல்றீங்களா?”

“மெயினை ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாருங்களேன் சார்,” என்று வேன்காரர் கெஞ்சினார். “எங்க வீட்டு டிவி மக்கர் பண்ணினா அப்படித்தான் பண்ணுவோம்.”

“இது டிவி இல்லைங்க,” என்றார் எழுத்தர். “மெயின் எங்க பிரிவும் இல்லை, அது மின் பிரிவு. அஞ்சு மணிக்கு முன்னாடி அதைத் தொட்டா என் வேலை போயிடும்.”

“சரி, வேற கார்டு போடுவோம்,” என்றார் நிபுணர். “மாத்து கார்டு ஒண்ணு ரெடி பண்ணிக் கொடுத்திருந்தேனே, எங்க?”

எழுத்தர் பெருமையோடு சொன்னார். “பத்திரமா இருக்கு சார். குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்துல வைக்கவும்னு உறையிலேயே போட்டிருந்துச்சு. இந்தக் கட்டடத்துல குளிர்ச்சியான இடம் ஒண்ணே ஒண்ணுதான்.”

எல்லோரும் குளிரறைக் கதவைப் பார்த்தார்கள். கதவைத் திறக்கிற கார்டு கதவுக்குள்ளே இருந்தது. அதற்காக எழுத்தரை யாரும் திட்டவில்லை. விதிப்படி நடந்தவரை எப்படித் திட்டுவது?

வேறு கார்டு கட்டடத்தில் ஒன்றுதான் இருந்தது, இயக்குநரின் கேமராவில். அதில் திறப்பு விழாப் படங்கள். அழித்துவிட்டு எழுதலாம் என்று நிபுணர் சொன்னதும் இயக்குநரின் முகம் கறுத்துவிட்டது. ஒவ்வொரு படமாகப் பார்த்து, இது வேண்டும், இது வேண்டாம், இதில் தொந்தி தெரிகிறது, இதில் துணை இயக்குநர் முன்னால் நிற்கிறார் என்று தரம்பிரித்த பிறகே மற்றதை அழிக்கலாம் என்றார். நாற்காலிகளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கலைந்து போய், வந்து மறுபடி பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் கதவின் ரப்பர் விளிம்பு வழியாக மெல்ல அந்த வாடை வரத் தொடங்கியது. எழுத்தர் அலமாரியிலிருந்து எலுமிச்சை வாசனை ஸ்பிரேயை எடுத்து அடித்தார். எலுமிச்சையும் அதுவும் கலந்து வந்தபோது வேன்காரர் ஓடிப்போய்ச் சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தார். வாயைத் துடைப்பதற்குள் அக்கா போனில் கூப்பிட்டாள்.

“எங்கடா இருக்கே? அம்மா தலையை வாரிக்கிட்டு, வேற புடவை கட்டச் சொல்லிக் கட்டிக்கிட்டு வாசலையே பார்த்துக்கிட்டிருக்கு.”

“இதோ வந்துடறேங்கா. மெஷின்ல ஏதோ கோளாறாம்.”

“செத்த மனுஷனைக் கொடுக்கிறதுக்கு எதுக்குடா மெஷினு?”

அவர் திரும்பி உள்ளே போய் இயக்குநரின் எதிரே கை கட்டி நின்றார். “ஐயா, கதவை உடைச்சாவது கொடுத்துடுங்க. வாடை வருதுங்கய்யா. எங்கம்மா முகத்தைப் பார்க்கணும்னு உக்காந்திருக்கு.”

இயக்குநர் அன்போடு சிரித்தார். “தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நான் பொறுப்புக்கு வந்ததுலேருந்து இங்க தங்கினவங்க ஒருத்தர்கூடப் புகார் கொடுத்ததில்லை. ஒருத்தர்கூட! எந்த ஆஸ்பத்திரியாவது இப்படிச் சொல்ல முடியுமா? வெளியில நிக்கிறவங்கதான் புகார் பண்றாங்க. ஆனா வெளியில நிக்கிறவங்க எங்க பயனாளிகளே கிடையாது. உங்களுக்கு இங்க ஒரு வேலையும் இல்லைன்னுகூடச் சொல்லலாம். இருந்தாலும் நாற்காலி போட்டிருக்கோம் பாருங்க.”

பொழுது சாயத் தொடங்கியபோது புதுக் கார்டு தயாரானது. நிபுணர் அதைச் செருகி ஒயரை மாட்டினார். சிவப்பு லைட் வந்தது. பச்சை லைட் ஒருமுறை சிமிட்டியது. பிறகு படபடவென்று சிமிட்டியது. ஊழியர்கள் கைதட்டினார்கள். எழுத்தர் உண்மையாகவே அழுதார். அந்தக் கட்டடத்தில் ஒன்று பிழைத்து எழுந்தது அதுதான் முதல் தடவை. திரையில் வண்ணங்கள் தோன்றின, எழுத்துகள் மளமளவென்று ஓடின, கடைசியில் ஒரு கட்டம் வந்து நின்றது. ‘அப்டேட் உள்ளது. இப்போதா, பிறகா?’

நிபுணரின் விரல் ‘பிறகு’ பக்கம் போனது. எழுத்தர் பாய்ந்து கையைப் பிடித்தார்.

“சார்! சுற்றறிக்கை!”

“ஆமாம், ‘பிறகு’ங்கிறதை யாரும் அமுக்கக் கூடாது,” என்றார் இயக்குநர். “எந்த வேலையையும் தள்ளிப்போடுறது நம்ம துறையில வழக்கமே கிடையாது.”

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. ‘இப்போது’ அமுக்கப்பட்டது. புதுக் கார்டில் முதல் அப்டேட் முடிகிறவரை கதவும் திறக்காது, குளிரும் ஓடாது என்று நிபுணர் விளக்கினார். ஆனால் இது சின்ன அப்டேட்தான், ஐந்து மணிக்குள் முடிந்தாலும் முடியும் என்றார். திரையில் ஒரு நீலக் கோடு நகரத் தொடங்கியது. வேன்காரர் அதன் எதிரே நின்றார். பத்து, இருபது, நாற்பது என்று கோடு வளர்ந்தது. பிரசவ அறைக்கு வெளியேகூட அவர் அப்படி நின்றதில்லை. எண்பதில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. தொண்ணூறைத் தாண்டியதும் இயக்குநரே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அன்றுதான் ஐந்து மணிக்கு அவர் கார் கிளம்பாமல் நின்றது.

அப்போது மின் பிரிவு ஸ்விட்ச்காரர் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரையும் பார்க்காமல் அதை மெயின் பெட்டிக்குக் கீழே போட்டார்.

“அண்ணே, வேணாம்ணே!” வேன்காரர் ஓடிப்போய் மெயின் பெட்டியைக் கட்டிக்கொண்டார். “இன்னும் கொஞ்சம்தான்ணே. தொண்ணூத்தி ஏழு வந்துடுச்சு. எங்க அப்பா உள்ள இருக்காருண்ணே.”

“அஞ்சு மணி ஆச்சுப்பா.”

“ஐயா, நீங்களாவது சொல்லுங்கய்யா!”

இயக்குநர் நீலக் கோட்டைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் மனசுக்குள் ஒரு பெரிய போராட்டம் நடந்திருக்க வேண்டும். ஆனால் சீக்கிரமே முடிந்துவிட்டது.

“ஒருத்தருக்காக விதியைத் தளர்த்தினா நாளைக்கு உள்ள இருக்கிற எல்லாருக்கும் தளர்த்தணும். விருதைத் திருப்பிக் கேட்டா நீங்களா கொடுப்பீங்க?”

இரண்டு காவலர்கள் வந்து வேன்காரரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஸ்விட்ச்காரர் ஸ்டூலில் ஏறி மெயினைக் கீழே இழுத்தார். விளக்குகள் அணைந்தன. நீலக் கோடு மறைந்தது. குட்டிக் கணினியின் சிவப்பு லைட்டும் போனது.

கூடவே குளிரறைக் கதவு ‘டக்’ என்று தளர்ந்து, தானாகவே ஒரு முழம் திறந்துகொண்டது.

காந்தத்துக்கு மின்சாரம் இருந்தால்தான் பிடி. மெயினை அணைத்தால் விட்டுவிடும். காலையில் வந்தவுடனே ஒருவர் அந்த ஸ்விட்சைக் கீழே இழுத்திருந்தால் அவ்வளவுதான் வேலை. ஐந்து மணிக்கு மேல் எந்த அதிகாரியும் அந்தக் கட்டடத்தில் நின்றதில்லை என்பதால் ஒருவருக்கும் இது தெரியாது.

“இதுவா?” என்றார் ஸ்விட்ச்காரர், ஸ்டூலை மடக்கியபடி. “தினம் அணைச்சதும் இப்படித்தான் வாயைத் திறந்துக்கும். ஸ்ட்ரெச்சர்காரங்க ராத்திரியில பின்ன எப்படி உள்ள வைக்கிறாங்கன்னு நினைச்சீங்க? காலையில பெருக்க வர்றவங்க தள்ளிச் சாத்திட்டுப் போவாங்க.”

“ஏன்ணே சொல்லலை?” என்றார் வேன்காரர். “காலையிலேருந்து நிக்கிறேனே.”

“நான் மின் பிரிவுப்பா. கதவைப் பத்தி என்னை யாரு கேட்டாங்க?” அவர் ஸ்டூலோடு போய்விட்டார்.

உள்ளேயிருந்து வந்ததை எழுதுவதற்கே அருவருப்பாக இருக்கிறது. ஒரு ராத்திரி குளிரில்லாமல் கிடந்து, ஒரு முழுப் பகல் வெயில் சுட்ட கூரைக்குக் கீழே, காற்றுப் போகாமல் அடைபட்டிருந்ததெல்லாம் ஒரே மூச்சாக வெளியே வந்தது. நிபுணர் மடிக்கணினியை மூக்கில் அழுத்திக்கொண்டு ஓடினார். எழுத்தர் ஸ்பிரேயை அடித்துக்கொண்டே ஓடினார். இயக்குநர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஓடுகிற ஓட்டத்திலும் கடமையை மறக்கவில்லை.

“இது முறையான திறப்பு இல்லை! யாரும் உள்ள போகக் கூடாது! சாத்துங்க, நாளைக்குச் சிஸ்டம் வந்ததும் திறந்ததாக் கணக்கு!”

கதவுக்கு மேலே சின்னத் திரையில் ‘2’ என்று எரிந்துகொண்டிருந்தது. வேன்காரர் அதன் கீழே நடந்து உள்ளே போனார்.

அப்பாவைச் சட்டையை வைத்துத்தான் அடையாளம் கண்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பிய அன்று போட்டிருந்த கோடுபோட்ட சட்டை. அதற்கு மேலே இருந்தது அப்பாவின் முகம் இல்லை. கறுத்து, ஊதி, கண்கள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஒரு மகன் பார்க்கக் கூடாத அதை அவர் நின்று பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் துண்டை எடுத்து அந்த முகத்தின்மேல் போட்டார்.

ஸ்ட்ரெச்சர்காரர்கள் வந்து பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அவர்களில் வயதானவர் மூடியை வைத்து, கேட்காமலே சுற்றிலும் ஆணி அடித்தார். “வீட்ல திறக்காதீங்க,” என்றார். “யாரு கேட்டாலும் திறக்காதீங்க.”

வேனை ஓட்டிக்கொண்டு வந்தபோது வேன்காரர் அழவில்லை. வாய்க்குள் எலுமிச்சை வாடை ஒட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து துப்பினார். எத்தனை தடவை துப்பியும் போகவில்லை.

பெட்டியை இறக்கி அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து அக்கா அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்திருந்தாள். அம்மா மூடியின்மேல் கையை வைத்தாள்.

“திறடா.”

வேன்காரர் தரையைப் பார்த்தார்.

“திறக்கக் கூடாதும்மா.”

“யாரு சொன்னது?”

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் தலையணையைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டாள்.

“உத்தரவும்மா,” என்றார் வேன்காரர். “இயக்குநர் உத்தரவு. அவங்க மூடிட்டா அப்புறம் யாரும் திறக்கக் கூடாதாம். விதிம்மா.”

அம்மா ஆணித் தலைகளை விரலால் தடவிப் பார்த்தாள். வாழ்நாள் முழுக்க எந்த ஆபீஸ் வாசலிலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிராதவள்.

“பெரியவங்க சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்,” என்றாள். பிறகு, “நீ பார்த்தியா?” என்று கேட்டாள்.

“பார்த்தேம்மா.”

“கோவமா இருந்தாரா?”

“இல்லம்மா. தூங்குற மாதிரி இருந்தாரு.”

அவள் தலையை ஆட்டினாள். கையை மூடியிலிருந்து எடுக்கவில்லை.

“அங்க அவரை நல்லாப் பார்த்துக்கிட்டாங்களாடா?”

வேன்காரரின் வாய்க்குள் இன்னும் அந்த எலுமிச்சை வாடை இருந்தது. அதை விழுங்கினார்.

“ரொம்ப நல்லாப் பார்த்துக்கிட்டாங்கம்மா,” என்றார்.